கீன்வாவில் கல் பொறுக்கிய கதை

கனடாவில், மார்க்கம் நகரத்தில் உள்ள நம்முடைய ஆய்வுகூடத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி மனேஜர் கேட்டார். ஓய்வுபெற்று ஒரு வருடமாகிறது, எனக்கும் பொழுது போகவில்லை. ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள், கையுறை போடுங்கள், குறிப்பேட்டில் எழுதியதை அழிக்காதீர்கள், அந்த வகைப் புத்திமதி. அவர் நன்றி சொல்லிப் பூப்படம் ஒன்று அனுப்பினார்.

இது வேறு. புதிதாக வந்தவர்களில் ஐந்து பேர் தமிழ்ப் பிள்ளைகள் என்று கேள்விப்பட்டேன். இது உங்கள் ஐந்து பேருக்கும் மட்டும். இந்தக் கதையில் பாதிதான் மனேஜருக்குத் தெரியும். மீதியை மொழிபெயர்த்துச் சொல்லி என் மானத்தை வாங்கவேண்டாம்.

இருபத்தேழு வருடம் அங்கே என் பெயர் அன்ரி. மாமி, சித்தி என்கிற முறையில் முதலில் இரண்டு யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் அப்படிக் கூப்பிட்டார்கள். அதுதான் என் பெயர் என்று நினைத்துச் சீனரும் வெள்ளைக்காரரும் பிலிப்பினோக்களும் கூப்பிட்டார்கள். ஒருமுறை கிறிஸ்மஸ் விருந்துக்கு மேசையில் வைக்கும் அட்டையில் அன்ரி என்றே அச்சடித்திருந்தார்கள். பிறகு கீன்வா வேலை வந்தது. அதில் என் பங்கு விதைகளில் எவ்வளவு அன்ரிஒக்சிடன்ற் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. அடுத்த நாள் காலையில் போய்ப் பார்த்தால் என் மேசை லாச்சியில் ஒரு லேபிள்: 'அன்ரி ஒக்சிடன்ற்'. யார் ஒட்டியது என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்குப் பிடித்துப்போனதால் நான் கழற்றவுமில்லை.

கீன்வாவை உங்களுக்குத் தெரியும். நம்முடைய ஆட்கள் அதைக் குரக்கனுக்கும் சாமைக்கும் தூரத்துச் சொந்தம் என்று நினைத்துக்கொண்டு சீனி வருத்தத்துக்குச் சோற்றுக்குப் பதிலாகச் சாப்பிடுகிறார்கள். ஒரு சொந்தமும் இல்லை, அது கீரைச் சாதி. வெள்ளை, சிவப்பு, கறுப்பு என்று நிறம் நிறமாக வரும். உடம்பின் கலங்கள் பழுதாகாமல் காக்கிற அன்ரிஒக்சிடன்ற் பெரும்பாலும் கடும் நிறத்து விதைகளில்தான் கூட. ஆனால் கடும் நிறத்து விதை பல்லில் கடிபடும், கொஞ்சம் கைக்கும். பிள்ளைகள் துப்பிவிடுவார்கள்.

இதை எனக்குச் சொன்னவர் மன்னார் அண்ணை. அவருடைய பெயரை எழுதப்போவதில்லை, ஆய்வுகூடத்தில் எல்லாருக்கும் அவர் மன்னார் அண்ணைதான். ஊரில் விவசாய இலாகாவில் வேலை பார்த்தவர். இங்கே வந்து கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இருபது வருடம் நின்றார். பென்சன் எடுத்த அடுத்த மாதமே நகரத்துக்கு வடக்கே ஒருவரிடம் இரண்டு ஏக்கர் நிலம் இரவலாகக் கேட்டு வாங்கிக் கீன்வா போட ஆரம்பித்தார். ஒன்றோடொன்றைக் கலந்து, நல்லதைத் தெரிந்து, மறுபடி விதைத்து, ஒன்பது கோடை. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: ஒன்ராறியோ வெயிலைத் தாங்குகிற, கைக்காத, வெளிர் நிறத்து விதை, அதற்குள் கறுப்பு விதையின் சத்து இருக்கவேண்டும். அப்படி ஒன்று இருக்க முடியாது என்று பலர் சொல்லியிருந்தார்கள். அப்படிச் சொல்லச் சொல்ல அவருக்குப் பிடிவாதம் கூடியது.

நான் ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கையில், ஒரு மாசி மாதம், ஆய்வுகூடத்துக்கு ஒரு தூண்டில் பெட்டியோடு வந்தார். மீன்பிடிக்கிறவர்கள் கொக்கிகளைப் பிரித்துப் பிரித்து வைப்பார்களே, அந்தப் பெட்டி. உள்ளே தொண்ணூறு சின்ன உறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு இலக்கம், ஒவ்வொன்றிலும் இரண்டு மேசைக்கரண்டி விதை. உலகத்தில் அந்த வகைகள் வேறெங்கும் இல்லை. நிலக்காரர் இன்னும் இரண்டு கோடைதான் நிலம் தருவேன் என்று சொல்லிவிட்டார். அந்தக் கோடையில் பத்து வகைக்குத்தான் இடமிருந்தது. எந்தப் பத்து என்று நாங்கள் சொல்லவேண்டும்.

வழக்கமாக நாங்கள் செய்வது விதையை அரைத்து, மதுசாரத்தில் ஊறவைத்து, மருந்து விட்டு, நிறம் மாறுவதை அளப்பது. அதைச் சொன்னேன். அண்ணை பெட்டியைப் பட்டென்று மூடினார்.

"அரைக்கிறதெண்டால் கிரைண்டர் என்ர வீட்டையும் கிடக்கு. அதுக்கு நான் ஏன் மோர்னிங்சைட்டில இருந்து மார்க்கத்துக்கு வாறன்? அரைச்சால் பிறகு எதை விதைக்கிறது, உன்ர ரிப்போட்டையோ?"

அதனால்தான் ஒளி. விதையைக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு ஒளியைக் காட்டினால், எந்த ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று மெசின் ஒரு கோடு வரையும். கண்ணுக்குத் தெரிகிற ஒளியும் உண்டு, தெரியாத அகச்சிவப்பும் உண்டு. அரை நிமிடம் போதும், விதைக்கு ஒரு கீறல் விழாது. ஆனால் மெசினுக்கு முதலில் ஒன்றும் தெரியாது, பாடம் படிப்பிக்கவேண்டும். அதற்காகக் கடைகளிலும் தோட்டங்களிலும் இருந்து அறுபது பை கீன்வா எடுத்தோம். ஒவ்வொன்றுக்கும் முதலில் ஒளியைக் காட்டுவது, பிறகு அதே விதையை அரைத்து இரசாயனத்தால் சரியான விடையைக் கண்டுபிடிப்பது. கேள்வியும் விடையுமாக அறுபது தடவை கொடுத்தால் மெசின் தேறிவிடும். அதற்குப்பின் அண்ணையின் தொண்ணூறு உறைகளையும் அரைக்காமலே அளந்துவிடலாம்.

ஒளியும் கணக்கும் சென்னைக்காரருடைய வேலை. அவருக்கும் பெயர் வேண்டாம். நாற்பது வயதிருக்கும், றிச்மண்ட் ஹில்லில் வீடு, தினமும் தயிர்சாதம், எறும்பையும் சத்தமாகத் திட்டமாட்டார். எங்கள் இருவருக்கும் தாய்மொழி தமிழ்தான். ஆனாலும் முதல் ஆறு மாதம் ஆங்கிலத்தில்தான் ஒருவரையொருவர் விளங்கிக்கொண்டோம். சீக்கிரம் வரச்சொல்லி "கெதியா வாங்கோ" என்று நான் கூப்பிட்டால் அவர் கதி கலங்கி நிற்பார்.

அரைப்பதும் இரசாயனமும் என்னுடைய வேலை. என் குறிப்பேட்டைப் பற்றி இந்த இடத்தில் கொஞ்சம் பீற்றிக்கொள்ளவேண்டும். கணக்காய்வுக்கு வருகிறவர்கள் அதை மற்றவர்களுக்குத் தூக்கிக் காட்டுவார்கள். அறையின் வெப்பம், ஈரப்பதன், எந்தத் தராசு, எத்தனை மணிக்குக் கை கழுவினேன், எல்லாம் இருக்கும். எதையும் விடாதவள் என்று பெயர் எடுத்தவள் நான். அந்தப் பெயரைக் காப்பாற்றுவதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அறுபது பையும் முடிந்தது. சென்னைக்காரர் கணக்கைப் போட்டார். மெசின் சொன்ன விடையும் நான் சொன்ன விடையும் மயிரிழைதான் வித்தியாசம். அவர் மூன்று தடவை கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். மனேஜர் வந்து பார்த்து, கட்டிப்பிடிக்கக் கூடாது என்ற அலுவலக விதியையும் மறந்து என்னைக் கட்டிப்பிடித்தார். கேக் வந்தது. காலை உணவுத் தானியம் செய்கிற பெரிய கொம்பனி ஒன்று இந்த முறையைப் பார்க்க வருகிறது என்று சந்திப்புக்கு நாளும் குறித்தார், அதற்கு அடுத்த வாரத்துத் திங்கட்கிழமை.

பிள்ளைகளே, விடை அளவுக்குமீறி வடிவாக வந்தால் கேக்கை வெட்டாதீர்கள். நான் வெட்டினேன், மூலைத்துண்டு எனக்குத்தான் என்று கேட்டும் வாங்கினேன்.

அண்ணையின் தொண்ணூறு உறைகளையும் ஒரே நாளில் அளந்தோம். ஒவ்வொன்றும் கிண்ணத்துக்குள் போய்த் திரும்பி உறைக்குள் வரும்வரை பக்கத்திலேயே நின்றார். ஒரு விதை மேசையில் உருண்டால் விரலை நனைத்து ஒற்றி எடுத்தார். நாற்பத்தொன்றாம் உறை வந்தபோது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். தேன் நிறத்தில் அழகான விதை. "உதுதான்" என்றார் என்னிடம் மெல்ல. "ஒன்பது வரியத்தில எனக்கு உதுதான் வந்தது எண்டு நினைக்கிறன்."

வியாழக்கிழமை ரிப்போட்டைக் கொடுத்தேன். முதல் பத்தும் கறுப்பும் கடும் சிவப்பும். வெளிர் நிறங்கள் எல்லாம் அடியில். நாற்பத்தொன்று எழுபதுக்கும் கீழே கிடந்தது. அண்ணை இரண்டு தடவை வாசித்தார். பிறகு நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"மெசின் சொன்னால் சரிதானே, பிள்ளை. பத்தை வைச்சிட்டு மிச்சத்தை எறிஞ்சு விடுறன். வீட்டில வைக்க இடமும் இல்லை, பாக்கப் பாக்க விசரும் பிடிக்கும்."

எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் விஞ்ஞானம் என்றால் அப்படித்தான் என்று ஒரு பெரிய மனுசி முகத்தை வைத்துக்கொண்டு அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். இப்போது நினைத்தாலும் அந்த முகத்துக்கு ஒரு அறை விடவேண்டும்போல் இருக்கிறது.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரம். சென்னைக்காரர் கை தவறி விழுந்த கரண்டியைத் தேடி என் மேசைக்குக் கீழே குனிந்தார். நிமிர்ந்தபோது கையில் ஒரு பழைய மாஜரின் டப்பா இருந்தது.

"மேடம், இது என்ன சாம்பிள்? லேபிளே இல்லையே?"

"உது சாம்பிள் இல்லை. கல்லுப் பொறுக்கினது."

அவர் மூடியைத் திறந்து பார்த்தார். "கல்லா? இதுல கல்லே இல்லையே. எல்லாம் கீன்வாதானே இருக்கு?"

"கல்லுப் பொறுக்கிறதெண்டால் கல்லு மட்டுமே? வெள்ளைக்குள்ள கறுப்புக் கிடந்தது, கறுப்புக்குள்ள வெள்ளை கிடந்தது. எல்லாத்தையும் பொறுக்கித் துப்பரவாக்கித்தான் அரைச்சனான். பின்னை ஊத்தையோட அரைக்கிறதே?"

அவர் தயிர்சாதக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"மேடம். எப்போ பொறுக்கினீங்க? நான் லைட் காட்டறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பிறகுதான். நீங்கள் கிண்ணத்தைத் தருவியள், அரைக்கிற மெசின் சூடாக அஞ்சு நிமிசம் நிக்கோணும். அந்த அஞ்சு நிமிசமும் சும்மா இருக்கிறதே?"

"அறுபது பையிலயுமா?"

"ஓம், அறுபதிலயும். ஒண்டும் விடேல்லை" என்றேன். பெருமையோடுதான் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

உங்களுக்கும் விளங்கியிருக்கும். ஒளி பார்த்தது கலந்த விதையை. நான் அரைத்தது பொறுக்கிய விதையை. ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு வேறு கேள்விக்கு விடை சொல்லிக் கொடுத்திருக்கிறேன், அறுபது தடவை. நான் பொறுக்கப் பொறுக்க வெள்ளைப் பைகள் எல்லாம் சுத்த வெள்ளையின் விடையைக் கொடுத்தன, கறுப்புப் பைகள் சுத்தக் கறுப்பின் விடையை. மெசின் பாவம், அதனால் படிக்க முடிந்த ஒரே பாடத்தைப் படித்தது: வெள்ளை என்றால் குறைவு, சிவப்பு என்றால் நடு, கறுப்பு என்றால் அதிகம். மயிரிழை வித்தியாசம் வராமல் என்ன செய்யும்? இதைச் சொல்ல அவ்வளவு விலைக்கு மெசின் எதற்கு, கண் போதும். வெளிர் விதைக்குள் சத்து இருக்கிறதா என்று கேட்டுவந்த மனுசனுக்கு, வெளிர் என்றபடியால் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

குறிப்பேட்டை எடுத்துப் புரட்டினேன். கை கழுவினது இருக்கிறது. ஜன்னல் திறந்திருந்தது இருக்கிறது. அறுபது பக்கத்தில் ஒரு பக்கத்திலாவது பொறுக்கினேன் என்று இல்லை. ஏன் தெரியுமா? எனக்கு அது ஒரு வேலையாகவே தெரியவில்லை. அரிசியையும் பருப்பையும் கண்டால் என் கை தானாகப் போகும், ரெலிபோனில் கதைத்துக்கொண்டே பொறுக்கும். நீங்கள் யோசித்துச் செய்கிற பிழையை யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள், ஏனென்றால் அதை எங்கேயாவது எழுதியிருப்பீர்கள். யோசிக்காமல் கை செய்கிறதை ஒருவரும் எழுதுவதில்லை. ஆகவே புதிதாக ஒரு வேலை தொடங்கும்போது பக்கத்தில் வேறு ஊர்க்காரர் ஒருவரை நிறுத்தி, நான் என்ன செய்கிறேன் என்று பார்த்துச் சொல்லு என்று கேளுங்கள். நம்முடைய ஆட்களை நிறுத்தாதீர்கள், அவர்களும் பக்கத்தில் இருந்து பொறுக்குவார்கள்.

சென்னைக்காரர் டப்பாவை மூடி என் கையில் தந்தார்.

"மேடம், நான் எதையும் பார்க்கல. திங்கட்கிழமை மீட்டிங் முடியட்டும். அப்புறம் நிதானமா சொல்லிக்கலாம்."

மனேஜருக்குத் தெரியாத பாதி இங்கேதான் தொடங்குகிறது. நான் அந்த டப்பாவோடு குப்பைத்தொட்டிக்குப் போனேன். மிதிக்கிற பலகையில் காலை வைத்தேன், மூடி திறந்தது. இருபத்தைந்து வருடம் சேர்த்த பெயர், ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம். கொட்டிவிட்டால் அவ்வளவுதான், ஒருவருக்கும் தெரியாது. கொட்டத்தான் போனேன் என்பதை மறைக்கமாட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. அந்த நேரத்தில் 'எறிஞ்சு விடுறன்' என்று அண்ணை சொன்ன சொல் காதுக்குள் கேட்டது. இன்றைக்கே எறிந்துவிட்டால்? திங்கட்கிழமைக்குப் பிறகு நான் யோக்கியமாக மாறி என்ன பயன்? காலை எடுத்தேன், மூடி பட்டென்று விழுந்தது.

அண்ணைக்கு ரெலிபோன் அடித்தேன், எடுக்கவில்லை. ஆறு தடவை அடித்தேன். அவர் ரெலிபோனை எங்கேயாவது சார்ஜில் போட்டுவிட்டு மறந்துவிடுகிற மனுசன். மனேஜரிடம் வயிற்றுவலி என்றேன். காரை எடுத்துக்கொண்டு மோர்னிங்சைட்டுக்கு வெளிக்கிட்டேன். தெருவெல்லாம் உருகிய பனிச்சேறு, கண்ணாடி கழுவுகிற தண்ணீர் பாதியில் முடிந்துவிட்டது. வழியெல்லாம் என்ன சொல்வது என்று வாய்விட்டுப் பாடமாக்கினேன். முதல் சிவப்பு விளக்கில் 'இயந்திரத்தில் ஒரு கோளாறு' என்று இருந்தது. அடுத்ததில் 'எங்கள் பக்கத்தில் ஒரு சின்னத் தவறு' என்று மாறியது. அவருடைய வீட்டு வாசலில் காரை நிற்பாட்டும்போது 'நான்தான் அண்ணை' என்பது மட்டும் மிச்சமிருந்தது.

கதவைத் திறந்தவர் அண்ணையின் மனைவி. என்னிலும் பத்து வயது மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"வா பிள்ளை, உள்ளுக்க வா. நல்ல நேரம் பாத்து வந்தாய். இப்பதான் கஞ்சி இறக்கினனான். தவக்காலமெல்லே, வெள்ளிக்கிழமைக்கு எங்களுக்குக் கஞ்சிதான்."

எனக்கும் வெள்ளிக்கிழமை மரக்கறிதான், ஆகவே மறுக்கச் சாட்டில்லை. தேங்காய்ப்பாலும் முருங்கை இலையும் மணத்தது. பானையை எட்டிப் பார்த்தேன். அரிசி இல்லை. சின்னச் சின்ன வட்டமாக, வெள்ளையும் மஞ்சளும் சிவப்பும்.

"அக்கா, உது என்ன கஞ்சி?"

"அவற்ற விதைதான். எறியச் சொல்லித் தந்தவர். ஒன்பது வரியம் வெயிலுக்க நிண்டு எடுத்த விதையைக் குப்பையில போடுறதே? எல்லா உறையையும் ஒரு சட்டிக்குள்ள கொட்டி ஏழு தண்ணியில கழுவினனான். சவுக்காரம் மாதிரி நுரைச்சது, பிள்ளை!"

சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்துவிட்டேன். அக்கா என் வயிற்றுக்குள் ஒன்றுமில்லை என்று நினைத்து ஒரு கிளாசில் கஞ்சியை ஊற்றி என் கையில் வைத்தார்.

அண்ணை கீழ்த்தளத்தில் இருந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார். அவர் கதிரையில் இருக்கும்வரை பொறுத்திருந்து முழுவதையும் சொன்னேன். டப்பாவையும் மேசையில் வைத்தேன். பொறுக்கினது, எழுதாமல் விட்டது, மெசின் நிறத்தை மட்டும் படித்தது. குப்பைத்தொட்டியையும் சொன்னேன். அவர் எழுந்து குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டைத் திறந்து, உறைந்த பாரை மீனுக்கும் பட்டாணிக்கும் இடையில் கையை விட்டு ஒரு உறையை எடுத்தார். அதில் 41 என்று எழுதியிருந்தது.

"நாப்பத்தொண்டை நான் குடுக்கேல்லை."

"நீங்கள் ரிப்போட்டை நம்பினனீங்கள் எண்டெல்லோ நினைச்சன்!"

"நம்பினனான். நம்பினபடியால்தான் மிச்சம் எழுபத்தொன்பதையும் இவளிட்டக் குடுத்தனான். இது வேற. இது எனக்குப் பிடிச்சது."

நான் அழுதேன், அதோடு சிரிப்பும் வந்தது. அக்கா என்ன ஏது என்று தெரியாமல் அவரை ஏசினார். அண்ணை டப்பாவைத் திறந்து பொறுக்கிய விதையைக் கிளறிப் பார்த்தார். "நல்ல சுத்தமான கை, பிள்ளை. பருப்புக்கு வைச்சிரு, வேலைக்குக் கொண்டுபோகாதை" என்றார். அன்றைக்கு எனக்கு வந்த ஆறுதலைச் சொல்ல முடியாது. நாற்பத்தொன்று உயிரோடு இருக்கிறது, ஒருவரும் கெட்டுப்போகவில்லை. நெஞ்சுப் பாரம் இறங்கின சந்தோசத்தில் பசியும் வந்துவிட்டது. முதல் கிளாசைக் குடித்து முடித்து, கேட்டு வாங்கி இரண்டாவதும் குடித்தேன்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு மனேஜரின் அறைக்குப் போனேன். சந்திப்பு ஒன்பதுக்கு. சொல்லி முடியும்வரை அவர் கண் வெட்டவில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், எத்தனை பை என்று. அறுபது என்றேன், இந்த முறை பெருமை இல்லாமல். அவர் கண்ணை மூடி ஐந்து வரை எண்ணினார். பிறகு கொம்பனிக்காரரிடம் மெசின் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லி வேறொரு நாள் கேட்டார். அவர்கள் ஒன்றும் கோபிக்கவில்லை. நான் மூன்று நாளாகப் பயந்து செத்த விசயம் அவர்களுக்கு ஒரு கோப்பியோடு முடிந்துவிட்டது. செய்முறைப் புத்தகத்தில் ஏழாவது படியாக 'ஒளி காட்டிய பின் விதையிலிருந்து எதையும் அகற்றக்கூடாது' என்று ஒரு வரி இருக்கிறதே, இந்த முட்டாள்தனமான வரியை யார் எழுதினார்கள் என்று நீங்கள் சிரித்திருப்பீர்கள். அது நான்தான்.

அறுபது பைகளிலும் மிச்ச விதை இருந்தது. முதலில் இருந்து தொடங்கினோம். இந்த முறை கிண்ணத்தை நான் வாங்கி அரைக்கிற மெசினுக்குள் கொட்டும்வரை சென்னைக்காரர் என் பக்கத்திலேயே நின்றார். மெசின் சூடாகிற ஐந்து நிமிடமும் நான் கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்கவேண்டும் என்று ஏற்பாடு. கிண்ணத்துக்குள் ஒரு கறுப்பு விதை வெள்ளைகளுக்கு நடுவே இருந்துகொண்டு என்னையே பார்க்கும். அந்த மூன்று வாரமும் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

விடை இந்த முறை அசிங்கமாக வந்தது. புள்ளிகள் கோட்டுக்கு அங்கேயும் இங்கேயும் சிதறிக் கிடந்தன. சென்னைக்காரர் சந்தோசமாகத் தலையாட்டினார். "இப்பதான் மேடம், உண்மை மாதிரி இருக்கு." கேக்கை ஒருவரும் கேட்கவில்லை.

அண்ணையின் தொண்ணூறு உறைகளுக்கும் காட்டிய ஒளி கொம்பியூட்டரில் அப்படியே இருந்தது. விதையை மறுபடி கேட்கத் தேவையில்லை, பழைய கோடுகளை எடுத்துப் புதிதாகப் படித்த மெசினுக்குக் காட்டினால் போதும். சென்னைக்காரர் காட்டினார். நான் நாற்பத்தொன்றைத்தான் தேடினேன். மேலே வந்திருந்தது, ஆனால் பத்துக்குள் இல்லை. பரவாயில்லை என்கிற விதை, அவ்வளவுதான். மனம் கொஞ்சம் சோர்ந்தது. அப்போது அவர் விரலால் பட்டியலின் உச்சியைத் தொட்டார்.

"மேடம், இந்த அறுபத்திரண்டு யாரு?"

அறுபத்திரண்டு எல்லாவற்றுக்கும் மேலே நின்றது, கறுப்புகளுக்கும் மேலே. அண்ணை தந்த குறிப்புத்தாளை எடுத்துப் பார்த்தேன். அறுபத்திரண்டுக்கு நேரே அவருடைய கையெழுத்தில், 'வெளிர் மஞ்சள். கைப்பு இல்லை. பார்வைக்குப் பெரிதாக ஒன்றுமில்லை' என்று இருந்தது.

ஒன்பது கோடையாக அவர் தேடினது அதுதான். அவருடைய பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது. அவருக்குப் பிடித்தது வேறு, எங்கள் மெசின் சொன்னது வேறு, அது ஒருவருடைய கண்ணிலும் படாமல் சட்டிக்குள் போய்விட்டது. மெசின் சொல்வது சரியா என்று அரைத்துப் பார்க்க ஒரு விதைமணிகூட எங்களிடம் இல்லை. அதன் ஒளிக்கோடு மட்டும் திரையில் இருந்தது. சென்னைக்காரர் எழும்பிப்போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

இந்த முறை அண்ணை முதல் மணியிலேயே எடுத்தார். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"அண்ணை, அறுபத்திரண்டு வைச்சிருக்கிறியளே?"

"அறுபத்திரண்டோ? இல்லை, அது அண்டைக்குச் சட்டிக்குள்ள போயிட்டுது. ஏன் பிள்ளை?"

சொன்னேன். தன் பத்து விரலால் செய்ததைத் தன் பிழை என்று சொல்வதற்கு ஒரு வழி இருக்கிறது, அதை அந்த வெள்ளிக்கிழமையே பழகிவிட்டேன். இன்னொருவருடைய ஒன்பது வருடத்துக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. மன்னியுங்கோ அண்ணை என்றேன்.

"நீ அண்டைக்கு ரெண்டு கிளாஸ் குடிச்சனி, என்ன?" என்று கேட்டார் அண்ணை.

"ஓம் அண்ணை."

"ருசியாய் இருந்ததே?"

"இருந்தது."

"கைப்பு?"

"இல்லை, அண்ணை. கொஞ்சமும் கைக்கேல்லை."

அவர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று சொல்ல முடியவில்லை. பிறகு குரல் தெளிந்து வந்தது.

"சரி விடு. தாயும் கிடக்குது, தேப்பனும் கிடக்குது. பிள்ளையைத்தான் குடிச்சுப் போட்டம்."

அறுபத்திரண்டுக்குத் தாயும் தகப்பனுமான பழைய வகைகளின் விதை அவரிடம் தனியாக இருந்தது, அந்த வருடமே அவற்றை விதைத்து மறுபடி கலந்தார். இரண்டு கோடையில் நிலம் போனது. இப்போது மோர்னிங்சைட்டில் வீட்டுப் பின்வளவில் வாளிகளில் போடுகிறார். ஒவ்வொரு ஒக்டோபரிலும் புது உறைகளோடு ஆய்வுகூடத்துக்கு வருவார். கலப்பில் அதே பிள்ளை மறுபடி பிறக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது, அது அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். நல்ல விதைகள் வந்திருக்கின்றன. அறுபத்திரண்டின் கோட்டுக்குப் பக்கத்தில் வைக்கக்கூடியது இன்னும் ஒன்றும் வரவில்லை.

இந்த ஒக்டோபரிலும் வருவார். அளக்கப்போவது நீங்கள். அவருக்கு முழங்கால் ஏலாது, கதிரை ஒன்று போடுங்கள். பக்கத்தில் நின்று பார்ப்பார், விடுங்கள். அறுபத்திரண்டு வந்தால் மனேஜருக்குச் சொல்ல முன்னம் எனக்குச் சொல்லுங்கள். அதைக் குடித்தவள் நான்.